கேட்காமல் எழுதிய பதில்

அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கை முறிந்து வந்தாலும் சரி, காதில் பூச்சி புகுந்து வந்தாலும் சரி, பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது. குடிப்பீர்களா, எவ்வளவு, கடைசியாக எப்போது, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இருமல் மருந்து ஏதாவது வழக்கமாக எடுக்கிறீர்களா, ஒருநாள் விட்டால் கை நடுங்குமா என்று வரிசையாகப் போகும். அடிபட்டு வருகிற பலபேருக்குப் பின்னால் ஒரு பாட்டிலோ ஒரு மாத்திரை அட்டையோ ஒளிந்திருக்கிறது, நாம் கேட்பதில்லை, கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை என்று சூப்பரின்டென்டென்ட் ஒரு கூட்டம் போட்டுப் பேசினார். மறுவாரமே நீல நிறத்தில் ஃபார்ம் அச்சாகி வந்துவிட்டது.

கேட்கிற பொறுப்பு சிஸ்டருக்கு வந்தது. பதினெட்டு வருஷ சர்வீஸ், கணீரென்ற குரல், எதற்கும் முகம் மாறாத பழக்கம். ஆறே மாதத்தில் ஆஸ்பத்திரி முழுக்க அவள் 'கேள்வி சிஸ்டர்' ஆகிவிட்டாள். பதில்களை மொழிபெயர்க்கவும் அவளுக்குக் கைவந்துவிட்டது. "எப்பவாவது" என்றால் தினமும் சாயங்காலம். "ஃப்ரெண்ட்ஸோட மட்டும்" என்றால் ஃப்ரெண்ட்ஸ் ஏராளம். "விட்டுட்டேன்" என்றால் நேற்றிலிருந்து. பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் எல்லாக் கேள்விக்கும் "சேச்சே".

புதிதாக வந்த நர்ஸ்களுக்கு அவள் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான். "முகத்தைப் பார்த்து நீயா முடிவு பண்ணாதே. வேட்டி வெள்ளையா இருந்தா விட்டுடறது, கசங்கியிருந்தா குடையறது, அந்த வேலையே கூடாது. கடவுளே வந்து படுத்தாலும் பத்தையும் கேட்டுட்டுத்தான் ட்ரிப் ஏத்தணும்."

பத்துக்கும் உண்மை சொன்ன ஒரே ஆள் அட்டெண்டன்ஸ்தான். வாரத்துக்கு இரண்டு தரம் ஏதாவதொரு நடைபாதையிலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இறங்குவான். கையெழுத்துப் போட வருகிறவனைப் போலத் தவறாமல் வருவதால் அந்தப் பேர். ஒரு காலத்தில் அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலையில் இருந்தவன். ஃபார்மைப் பார்த்ததும், "ஆறாவது கேள்வியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு சிஸ்டர்," என்பான். அப்புறம் அரை பாட்டில், முக்கால் பாட்டில் என்று மில்லி பிசகாமல் கணக்குச் சொல்வான். "நீ ஒருத்தன்தான்யா எனக்குப் பொய் சொல்லாத பேஷன்ட்," என்பாள் அவள். "என்கிட்ட மறைக்க மிச்சம் ஒண்ணுமில்லையே," என்பான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிரிவுக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளுடைய நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

நாத்தனார் என்றால் சாமானியப்பட்ட நாத்தனார் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் முப்பத்தொரு வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். கேட்டுக்கு வெளியே வரும்போதே யார் யாரோடு வந்தாள் என்று காலடிச் சத்தத்தில் சொல்லிவிடுவாள். குடி என்ற வார்த்தையை அவள் எதிரில் உச்சரித்தாலே ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வாள். நாலு வருஷத்துக்கு முன்னால் சிஸ்டர் வீட்டில் நடந்த விசேஷத்தில், சிஸ்டருடைய தம்பி வாசற்படி ஏறியதும், இத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவே அவன் முன்னால் வந்து நின்று, "எங்கே, ஊது," என்றாள். அவன் ஊதினான். அன்றைக்குப் போனவன்தான், இன்னும் அந்தப் படி ஏறவில்லை.

அப்பேர்ப்பட்டவள் இப்போது ஸ்ட்ரெச்சரில். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு வீங்கி வளைந்திருந்தது, புருவத்துக்கு மேலே நெல்லிக்காய் அளவு புடைப்பு. ஒரு பக்கம் அவள் தம்பி, அதாவது சிஸ்டரின் கணவன். இன்னொரு பக்கம் அவள் மகன். அந்த நிலையிலும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடம், "சுவத்துல இடிக்காதேப்பா, பெயின்ட் உரியுது பாரு," என்றாள்.

சிஸ்டர் நீல ஃபார்மோடு வந்து நின்றாள்.

"பேரு வயசெல்லாம் உனக்கே தெரியுமே, எழுதிக்கோ," என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுதினாள். அடுத்தது பத்துக் கேள்விகள். முதல் கேள்வி, நீங்கள் மது அருந்துவீர்களா. சிஸ்டர் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். கணவன் வேறு, 'ஏதாவது ஏடாகூடமாகக் கேட்டுவைக்காதே' என்பதுபோலப் பார்த்தான். அவள் பேனாவை எடுத்து வரிசையாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று கட்டங்களில் டிக் போட்டுக்கொண்டே போனாள்.

ஆறாவது கேள்வியில் பேனா நின்றது. தூக்க மாத்திரை.

அவளுக்குத் தெரியும். மாதம் ஓர் அட்டை அவள்தான் வாங்கிக் கொடுக்கிறாள். "ஏதோ அரை மாத்திரை போட்டாத்தான்மா கண்ணை மூட முடியுது. என் பையன்கிட்ட சொல்லிடாதே, கவலைப்படுவான். உன்னை நம்பித்தான் சொல்றேன்," என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தன்னை ஒரு மனுஷியாகவே மதிக்காத நாத்தனார் முதன்முதலாகத் தன்னை நம்பிய தருணம் அது. டியூட்டி டாக்டர் யாரையாவது பிடித்துச் சீட்டு எழுதி வாங்கிவிடுவாள். அரை மாத்திரை என்ன பிரமாதம்? வயசானவர்களுக்கு டாக்டர் கொடுப்பதுதானே? அதையும் ஒரு பழக்கம் என்று எழுதி, மகன் எதிரில் வைத்துக் காட்டிக்கொடுப்பதா?

'இல்லை'.

பத்தும் முடிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் ஒன்றுமில்லை. மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். தலையில் அடி என்பதால் இரண்டு நாள் கண்காணிப்பு அறையில் இருக்கட்டும் என்றாள் டியூட்டி டாக்டர். சின்ன வயசுதான், ஆனால் நிதானமான பெண்.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் நாத்தனார் வேறொருத்தியாக மாறியிருந்தாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றாள். போர்வை கனக்கிறது என்றாள். மூன்றாவது கட்டில்காரர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்றாள். அவர் தொண்டையில் குழாய் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

டாக்டர் ஃபார்மைப் புரட்டினாள். "குடி இல்லை, மாத்திரை எதுவும் இல்லை. அப்ப இது தலையில அடிபட்டதால வர்றதுதான். எதுக்கும் இன்னொரு ஸ்கேன் எடுத்துடலாம்." சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க எழுதின ஃபார்ம், அதனால சந்தேகமே இல்லை."

இரண்டாவது ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. மூளைக்குள் கசிவு இருக்குமோ, உப்புக் குறைந்திருக்குமோ, கிருமியாக இருக்குமோ என்று ரத்தத்தை எடுத்து எடுத்து அனுப்பினார்கள். எல்லாம் சரியாக இருப்பதாகவே பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை பக்கத்துக் கட்டிலுக்கு அட்டெண்டன்ஸ் வந்து சேர்ந்தான். திரை பாதி விலகியிருந்தது. கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்க, தலையைத் திருப்பி நாத்தனாரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார்யா நீ? அந்தப் பக்கம் திரும்பு. வாடை குடலைப் புரட்டுது," என்றாள் நாத்தனார்.

"திரும்பறேம்மா." திரும்பினான். சிஸ்டர் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினான். "சிஸ்டர், அந்தம்மா பெட்ஷீட்ல இல்லாத எதையோ பொறுக்கிட்டே இருக்காங்க, பார்த்தீங்களா?"

"உன் வேலையைப் பாரு."

"இதான் சிஸ்டர் என் வேலை. எனக்கு நிறுத்தினா எறும்பு ஊறும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு. அந்தம்மா எதையோ வழக்கமா சாப்பிட்டு, இங்க வந்ததுல விட்டுப்போச்சு. மூணாவது நாள் ஆகுது இல்ல? பார்த்துக்குங்க."

"வாயை மூடு. அவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதனாலதான் எனக்குத் தெரியுது," என்றான் அவன், ரொம்பச் சாதாரணமாக.

சிஸ்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்த கையோடு டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டியவள், ஸ்டோர் ரூமுக்குள் போய் பஞ்சுக் கட்டுகளை எண்ண ஆரம்பித்தாள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை, நேற்றுத்தான் எண்ணியிருந்தாள். அரை மாத்திரைக்கு இப்படியெல்லாம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடுவில், சொல்ல வெட்கமாக இருந்தாலும், இன்னொன்றும் மனசில் எட்டிப் பார்த்தது: 'எங்கே, ஊதுங்க அண்ணி.' இருபது நிமிஷம் அப்படியே போயிற்று.

அப்புறம் கட்டில் கம்பி தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "சிஸ்டர்! வலிப்பு!" என்று அட்டெண்டன்ஸ் கத்தினான்.

ஊசி போட்டு நிறுத்தினார்கள். எந்த மாத்திரை நின்றதால் வலிப்பு வந்ததோ அதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான் அந்த ஊசியில் இருந்தது. நாத்தனார் சாயம் போன முகத்தோடு தூங்கிப்போனாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு, மூன்றாவது ஸ்கேனுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தபோது சிஸ்டர் அவள் எதிரில் போய் நின்றாள்.

"ஸ்கேன் வேண்டாம் டாக்டர். அந்த ஃபார்ம்... நான் கேக்காமலே எழுதினேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று சிஸ்டருக்கு இருந்தது.

"எது?"

"தூக்க மாத்திரை. தினம் அரை. மூணு வருஷமா நான்தான் வாங்கித் தர்றேன்."

"அரை மாத்திரைக்கு இந்த ஆட்டம் வராது சிஸ்டர். வேற யாராவது வாங்கித் தர்றாங்களான்னு விசாரிங்க."

வராந்தாவில் குடும்பம் கூடியிருந்தது. கணவன், நாத்தனாரின் மகன், மருமகள், எதிர்வீட்டு டீச்சர். சிஸ்டர் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அண்ணிக்கு யாராவது தூக்க மாத்திரை வாங்கித் தர்றீங்களா?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்தார்கள்.

முதலில் மகன்தான் வாயைத் திறந்தான். "நான் மாசம் ஒரு அட்டை வாங்கித் தருவேன் அத்தை. அம்மாதான், மாமாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவார், உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னாங்க."

"என்கிட்டயும் அதான் சொன்னாங்க," என்றாள் மருமகள் புருஷனிடம். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு." புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில், ஒரே அலமாரிக்கு, இரண்டு வருஷமாகத் தனித்தனியாக மாத்திரை வாங்கி வந்திருக்கிறார்கள்.

சிஸ்டரின் கணவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அக்கா கேட்டா மாட்டேன்னு எப்படிச் சொல்றது? ஒரு அட்டைதானே. நீ நர்ஸு, தெரிஞ்சா சத்தம் போடுவேன்னு சொல்லலை."

"எனக்கு பென்ஷன் வாங்கப் போற வழியில மருந்துக்கடை," என்றார் எதிர்வீட்டு டீச்சர் மெதுவாக. "அவங்க வீட்ல யாருமே அவங்களைக் கவனிக்கறதில்லைன்னு சொன்னாங்க. பாவமா இருந்தது."

சிஸ்டரையும் சேர்த்தால் ஐந்து அட்டை. அட்டைக்குப் பத்து. ஆக மாதம் ஐம்பது மாத்திரை. ஆளுக்கொரு கடை. நாலு பேரிடமும் நாத்தனார் கொடுத்த பழைய சீட்டின் நகல் இருந்தது. மகன் பர்ஸிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினான். 'பத்து நாட்களுக்கு மட்டும்' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தது. தேதி பதினோரு வருஷம் பழசு. எழுதிய டாக்டர் போய்ச் சேர்ந்தே ஆறு வருஷம் ஆகிறது. சீட்டு மட்டும் கல்லுமாதிரி இருந்தது.

"அரை மாத்திரைன்னுதானே சொன்னாங்க," என்றான் கணவன். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரிடமும் அரைதான்.

ஃபார்மைத் திருத்தி எழுதினார்கள். அளவு வைத்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தவே கூடாது என்று டாக்டர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள். அந்த ஐந்து அட்டைகளும் இனி ஒரே ஒரு கை வழியாக, ஒரே சீட்டில் வரவேண்டும் என்றாள். அந்தக் கை யாருடையது என்று எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாதாந்தரக் கூட்டம். சூப்பரின்டென்டென்ட் ஒரு சான்றிதழோடு எழுந்து நின்றார். ஒரு கட்டம்கூட விடாமல் நூற்றுக்கு நூறு ஃபார்ம் நிரப்பியது இந்தப் பிரிவு ஒன்றுதான் என்று கை தட்டினார். சிஸ்டர் வாங்கிக்கொள்ளவில்லை.

"சார், அதுல ஒண்ணு பொய். எங்க வீட்டு ஆளுன்னு கேக்காம எழுதிட்டேன். அதனால ரெண்டு நாள் வேற எதுக்கோ பார்த்துக்கிட்டிருந்தோம். வலிப்பு வந்திடுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருத்தியாச்சா?"

"திருத்தியாச்சு சார்."

"திருத்தினதால காலி கட்டம் ஏதும் வந்திடலையே?"

"இல்லை சார். பதில்தான் மாறியிருக்கு."

"அப்ப நூறு நூறாத்தான் இருக்கு," என்று சான்றிதழை அவள் கையில் திணித்தார். அதன் பிறகு, கை தட்டல் அடங்கியதும், சம்பவத்தை எழுத்தில் விளக்கிக் கொடுக்கும்படி ஒரு மெமோவும் கொடுத்தார். அவள் இரண்டையும் ஒரே உறையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

சனிக்கிழமை நாத்தனாருக்குத் தெளிந்துவிட்டது. தெளிந்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

"ஊரைக் கூட்டி என்னைக் குடிகாரி ஆக்கிட்டியாமே?"

சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு புது நீல ஃபார்ம். "அண்ணி, உங்களைக் கேக்க வேண்டியதை நான் கேக்கலை. அது என் தப்பு. இப்ப கேக்கறேன். மது அருந்துவீங்களா?"

"உனக்குப் பைத்தியமா?"

"ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இல்லை! இல்லை! கொட்டை எழுத்துல எழுதிக்கோ."

எழுதினாள். ஆறாவது கேள்விக்கு வந்தார்கள். நாத்தனார் மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"அரை."

"அண்ணி, வெளியே நாலு அரை உக்காந்திருக்கு. இங்க ஒண்ணு."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"ஒண்ணரை," என்றாள் நாத்தனார் கடைசியில். "சில நாள் ரெண்டு." கண்ணைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவர் போனப்ப கொடுத்தாங்க. பத்து நாள்னு. முப்பத்தொரு வருஷம் கேட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிட்டுப் படுத்தவ நான். வீட்டுக்கு வந்தா கேட்டும் இல்லை, சத்தமும் இல்லை, அவரும் இல்லை. அந்தப் பத்து நாள் எனக்கு இன்னும் முடியலை."

சிஸ்டருக்குக் கேள்வி கேட்டே பழகிய வாய். "ஒருநாள் விட்டா கை நடுங்குமா?" என்று அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அதான் பார்த்தியே," என்றாள் நாத்தனார். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க சிஸ்டர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் தானும் சேர்ந்துவிடுவோம் என்று பயம்.

வீட்டுக்கு அனுப்பும்போது பழக்கம் விடுவிக்கும் கிளினிக்குக்கு வாரம் ஒருநாள் வரச்சொன்னார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணி. முதல் வாரம் நாத்தனார் முந்தானையைக் காதுவரை இழுத்துக்கொண்டு, எலும்பு டாக்டர் அறைக்கு முன்னால் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கையில் கட்டு இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. கூப்பிட்டபோது மட்டும் எழுந்து, வழி தவறிய மாதிரி இந்த அறைக்குள் நுழைந்தாள்.

மூன்றாவது வாரம் எலும்பு டாக்டர் பெஞ்சில் இடமில்லை. வேறு வழியின்றி கிளினிக் பெஞ்சில், லாரி டிரைவர் ஒருவருக்கும் கல்லூரி வாத்தியார் ஒருவருக்கும் நடுவே உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்து டிரைவர், "அம்மாவுக்கு எது?" என்று அக்கறையாகக் கேட்டார். "கை," என்றாள். "கைக்கு எதிர் பெஞ்சும்மா," என்றார் அவர். அவள் கொஞ்சம் யோசித்து, "மாத்திரை," என்றாள். "அது கஷ்டம்மா, வாசனையே வராது, பெண்டாட்டிகூடக் கண்டுபிடிக்க மாட்டா," என்று அவர் உண்மையான மரியாதையோடு சொன்னார்.

ஆறாவது வாரத்தில் பெஞ்சு அவள் கைக்கு வந்துவிட்டது. யார் முன்னால் வந்தார், யார் பின்னால் வந்தார், யார் போன வாரம் வரவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தாமதமாக வந்த வாத்தியாரை எல்லார் முன்னாலும் நிறுத்தி விசாரித்தாள். ஊதச் சொல்லப் போகிறாளோ என்று சிஸ்டர் பயந்தாள். சொல்லவில்லை. "காலையில ஏதாவது சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

மாத்திரை ஒன்றேகாலாகி, ஒன்றாகி, முக்காலில் வந்து நின்றது. முக்காலிலிருந்து அரைக்கு இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. நாத்தனார் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள், பகலெல்லாம் கொட்டாவி விட்டாள், மகன் வீட்டில் கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் துள்ளி எழுந்தாள். அந்த வாரம் கிளினிக் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இந்த வாரம் சொன்னதுக்கு மேல எடுத்தீங்களா?"

"இல்லை," என்றாள் நாத்தனார், வார்டன் குரலில்.

சிஸ்டர் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டு வைப்பவள் அவள்தான். செவ்வாய்க்கிழமை ஒன்று குறைந்திருந்தது அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

டாக்டர் எழுதப்போனார்.

"இருங்க," என்றாள் நாத்தனார். "செவ்வாய்க்கிழமை ஒண்ணு. முழுசா."

டாக்டர் அடித்துவிட்டு மாற்றி எழுதினார். இந்த வாரம் குறைக்க வேண்டாம், முக்காலிலேயே இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரை இருவரும் நடந்தார்கள். நிழல் இருக்கிற பக்கமாகப் பார்த்து நின்றதும், "நீ அப்படி முறைக்காம இருந்திருந்தா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்," என்றாள் நாத்தனார்.

"நான் எங்கே அண்ணி முறைச்சேன்? ஜன்னலைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன்," என்றாள் நாத்தனார். பஸ் வந்தது. கட்டுப் பிரித்த கையை நீட்டிக் கம்பியைப் பிடித்து, சிஸ்டர் தோளில் மற்றக் கையை ஊன்றி, முதலில் ஏறிக்கொண்டாள்.